உறவுச் சொல்லும் உரிமைச் சொல்லும்



நினைவுநாள் மேடையில் உணர்ச்சி பொங்கப் பேசுவது எளிது. அதனாலேயே இன்று உணர்ச்சிமொழியைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

தமிழக அரசியல் நம்மை எப்படி அழைத்தது? அண்ணா 'தம்பி' என்று கடிதம் எழுதினார். கலைஞர் 'உடன்பிறப்பே' என்றார். எம்.ஜி.ஆர். 'ரத்தத்தின் ரத்தமே' என்றார். ஜெயலலிதா 'அம்மா' ஆனார். பண்ணையார் 'டேய்' என்று கூப்பிட்டுப் பழகிய காதுகளுக்கு இந்தச் சொற்கள் இதமாக இருந்தன. நம் பெற்றோர் ஏமாளிகள் அல்லர், மரியாதைக்கு ஏங்கியவர்கள்.

ஆனால் குடும்பத்தில் கணக்குக் கேட்பவன் நன்றிகெட்டவன். கூலி, நிலம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் உரிமையாக இல்லாமல், அண்ணன் மனமிரங்கிச் செய்யும் உதவியாகிவிடுகின்றன. குடிமக்கள் பிள்ளைகளாகிறோம். அதிகாரம் அங்கேதான் உருவாகிறது.

அந்த உறவு சோதிக்கப்பட்ட நாட்கள் உண்டு. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி: கூலி உயர்வு கேட்ட சேரியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். 1997 ஜூன் 30, மேலவளவு: ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1999 ஜூலை 23, நெல்லை: மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள்மீது தடியடி; தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2011 செப்டம்பர் 11, பரமக்குடி: துப்பாக்கிச் சூடு. ஆண்ட கட்சி மாறியது. அழைத்த சொல் மாறியது. செத்தவர்கள் மட்டும் நாமாகவே இருந்தோம்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதைத்தான் எச்சரித்தார்: மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழி.

எச்சரிக்கை நமக்கும்தான். நம் தலைவர்களுக்கும் பட்டம் சூட்டுகிறோம், கட்அவுட் வைக்கிறோம். கேள்வி கேட்ட மாணவனைத் 'துரோகி' என்று உட்கார வைத்திருக்கிறோம்.

அழுகையும் கோபமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை இல்லாமல் எந்தப் போராட்டமும் தொடங்கியதில்லை. அவை கோரிக்கையில் போய் முடிகின்றனவா, ஒரு தலைவரின் படத்தில் போய் முடிகின்றனவா என்பதே கேள்வி.

நம்மை 'உடன்பிறப்பு' என்பவர்களிடம் பஞ்சமி நிலத்தின் கணக்கைக் கேட்போம். உடன்பிறந்தவர்களுக்குச் சொத்தில் பங்கு உண்டல்லவா?