வானலையில் நம் அயலார்
(வாலிபர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெச்சூர் ரேடியோவுக்குக் கருவி தெரிவு செய்வது எப்படி, வானலையில் பிறரோடு ஒழுகுவது எப்படி என்ற இரண்டையும் பற்றிச் சில சொல்ல வந்துள்ளோம். உண்மையில் இவை இரண்டல்ல, ஒன்றே என்பது நமது துணிபு.

ஊதியம் கருதாது, பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்று, வீட்டிலிருந்தே தூரதேசத்தாரோடு பேசுவோரை ஹாம் என்பர். இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1920களில் கொழும்புத் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் என்பார் ஆர்வலர்களைக் கூட்டி வயர்லெஸ் கழகம் அமைத்தார். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் ரேடியோப் பாகங்களைக் கொண்டே அவர் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். விலையுயர்ந்த கருவி இருந்தாலன்றித் தொடங்கவியலாது என்போர் இதனைச் சிந்திப்பாராக.

அப்படியாயின் எதை முதலில் வாங்குவது? கேட்கும் கருவியை. சிற்றலை ரேடியோ ஒன்றில் சில மாதம் செவிமடுத்தால், எந்நேரம் எத்திசைக் குரல் வரும், அனுபவசாலிகள் எவ்வாறு பேசுகின்றனர் என்பன தாமே விளங்கும்.

அடுத்தது ஏரியல். கையடக்கக் கருவி மலிவென்று இளைஞர் அதனையே நாடுவர். அது இயங்கும் 144 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. ஒரே பள்ளத்தாக்கினுள் அது உதவும். நமுனுகுலை மலைக்கு அப்பால் உள்ளவரை எட்டாது. 7 மெகாஹெர்ட்ஸ் அலையோ, தாழக் கட்டிய கம்பியிலிருந்து மேல்நோக்கிச் சென்று, வானில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் உயரத்திலுள்ள மின்னூட்டப் படையிற் பட்டு, மழைபோல் நாடெங்கும் இறங்கும். மலை அதற்குத் தடையன்று. வேண்டியது பக்கத்துக்கு 10 மீற்றராக 20 மீற்றர்ச் செப்புக்கம்பியும், அதைத் தாங்க இரண்டு மரங்களுமே.

கடைசியாகவே வலு. 100 வாற்றை 400 வாற்றாக உயர்த்தினாலும், கேட்பவரின் மானியில் ஊசி ஒரேயொரு படிதான் ஏறும். அப்பணத்தை நல்ல கம்பிக்கும் நல்ல பற்றரிக்கும் செலவிடுவதே விவேகம்.

இங்கேதான் பண்பாடு வருகின்றது. நம் பிராந்தியத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஹாம்களுக்குள்ள இடம் 200 கிலோஹெர்ட்ஸ் மாத்திரம். ஒரு பேச்சுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமாயின், முழுவதையும் பேச்சுக்கே விட்டாலும் 66 உரையாடலுக்கு மேல் இடமில்லை. இரவில் ஆசியாவின் பெரும்பகுதி அதற்குள் அடங்க வேண்டும். ஒரு குழாயடியில் ஒரு தோட்டமே தண்ணீர் பிடிப்பதை ஒக்கும் இது. ஆதலால், பேசுமுன் கேட்க வேண்டும், "இவ்விடத்தில் எவரேனும் உளரோ?" என்று வினவ வேண்டும்; போதுமான மிகக் குறைந்த வலுவே பயன்படுத்த வேண்டும். கருவியைச் சரிபார்ப்பதாயின் அலையை வெளிவிடாத போலிச்சுமையில் சரிபார்க்க வேண்டும். மைக்கை மிகையாகத் திருகினால் குரல் பக்கத்து உரையாடலில் சிதறிப் பாயும். ஒவ்வொரு பேச்சுக்கும் இடையில் சில வினாடி மௌனம் விட வேண்டும். அவசரக்காரர் நுழையும் வாசல் அதுவே.

இது வெறும் உபசாரமோ? அன்று. 2004 டிசம்பரில் போர்ட் பிளேயரில் தூரதேசத்தாரோடு பேசிக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் குழுவினர், 26ஆந் திகதி கடல்கோள் வந்ததும் அதே கருவிகளால் அந்தமான் மக்களின் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர். இலங்கை ஹாம்களும் ஹம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தனர். அந்நேரம் மற்றையோர் கடைப்பிடிக்கும் மௌனமும் ஒரு தொண்டே.

நம் ஊவாவில் கடல் இல்லை, மலை உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கலாகாது. பாதையும் மின்சாரமும் அற்றுப்போன தோட்டமொன்றிலிருந்து, வாகனப் பற்றரியின் பலத்தில் எழும் குரல் மெலிந்தே இருக்கும். உரத்த குரலுடைய ஒருவர் கேளாமற் பேசத் தொடங்கினால் அக்குரல் அமிழ்ந்துவிடும்.

எனவே வாலிப அன்பர்களே, செவியை முதலிலும் கம்பியை அடுத்தும் வலுவைக் கடைசியிலும் தேடுவோமாக. பெரியோர்களே, கூரைமேல் கம்பி கட்ட உங்கள் பிள்ளைகள் அனுமதி கேட்டால் மறுக்காதிருப்பீர்களாக.