இல்லறத்தில் நின்று இசை வளர்த்த ஆபிரகாம் பண்டிதர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தொண்டு என்றவுடன் நம்மவர் பலர் துறவியரையே நினைக்கின்றனர். மனைவி மக்கள், வேலை, வாடகை, பள்ளிச் சம்பளம் என்னும் சுமைகளுக்கிடையே மொழிக்கும் கலைக்கும் என்ன செய்ய இயலும் என்று நாமும் பன்முறை கேட்டுக்கொள்கிறோம். இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். பக்தி மிக்க கிறித்தவராகவும் பெருங்குடும்பத்தின் தலைவராகவும் விளங்கிய அவரைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகிறோம்.

நெல்லைச் சீமையில் சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரில் 1859-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்து தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள பெண்கள் பள்ளி ஒன்றில் அம்மையார் தலைமையாசிரியை, கணவரோ தமிழாசிரியர். மனைவி தலைமை வகித்த பள்ளியில் கணவர் மனமுவந்து பணியாற்றினார் என்பது, அக்காலத்தை எண்ணிப் பார்க்கும்போது, சிறிய செய்தியன்று.

சுருளிமலையில் வாழ்ந்த கருணானந்தர் என்னும் முனிவரிடம் அவர் சித்த மருத்துவம் கற்றார். ஆசிரியப் பணியை விட்டு மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். அவருடைய மருந்துகள் நாடெங்கும் பரவின, செல்வமும் வந்தது. தஞ்சைக்கு வெளியே பெரியதொரு தோட்டம் அமைத்து மூலிகைகளையும் பயிர்களையும் வளர்த்தார். மருத்துவமனைக்கும் தோட்டத்திற்கும் பிற்காலத்து நூலுக்கும் 'கருணை' என்னும் சொல் அமையப் பெயரிட்டார். தம் சமயத்தில் அணுவளவும் தளராதவர், வேற்றுச் சமயத்தவராகிய ஆசானின் நினைவை வாழ்நாள் முழுதும் போற்றினார். உறுதியான பக்தி பிறரை வெறுக்கக் கற்பிப்பதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஈட்டிய பொருளை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. இறைவனைப் பாடுதற்கும், மாணவர் இசை பயில்வதற்கும் தாமே 96 பாடல்கள் இயற்றி 1907-இல் நூலாக வெளியிட்டார். கீதம், சுரசாதி, கீர்த்தனை முதலிய கருநாடக இசை வடிவங்களில் அவை அமைந்தன. கிறித்துவின் புகழைத் தமிழ்ப் பாட்டில், தமிழ்நாட்டுப் பண்ணமைதியில் பாடவேண்டும் என்பது அவர் கொள்கை. 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார். தம் செலவில் இசை மாநாடுகள் பல நடத்திப் புலவரையும் வித்வான்களையும் ஒருங்கே அமர்த்தி ஆராயச் செய்தார்.

ஆராய்ந்த பொருள் எளிதன்று. ஓர் இயக்கில் சுருதிகள் 22 என்று சாரங்கதேவரின் நூலை ஒட்டிப் பலரும் கூறிவந்தனர். பண்டிதரோ, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் தமிழிசைச் சுரங்களைச் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் துருவி ஆராய்ந்து, சுருதிகள் 24 என்று நிறுவ முயன்றார். அறிஞர் அனைவரும் அம்முடிவை ஏற்றனர் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் பழந்தமிழ் நூல்களை இசையிலக்கணச் சான்றுகளாக உலகின்முன் வைத்த பெருமை அவருக்கு உண்டு.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு நெஞ்சில் நிற்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1916-இல் பரோடா நகரில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடிற்று. தஞ்சையிலிருந்து அத்துணைத் தொலைவு சென்ற பண்டிதர், வெறுஞ்சொல்லால் வாதிடவில்லை. தம் குடும்பத்துப் பெண்மணிகளை வீணை வாசிக்கச் செய்து, தம் கருத்தைச் செவிக்கே விளக்கினார். பிறமொழி வழங்கும் மண்ணில், அறிஞர் நிறைந்த அவையில், தமிழ்க் குடும்பம் ஒன்றே தமிழிசைக்குச் சான்றாக நின்றது. வீட்டில் நாள்தோறும் பயின்ற கலையல்லவா அன்று அவையில் ஒலித்தது!

1917-இல் ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. 1919-இல் பண்டிதர் மறைந்தார். அவரோடு அப்பணி மறையவில்லை. நூலின் இரண்டாம் பாகத்தை மகள் மரகதவல்லி 1946-இல் வெளியிட்டார். மகன் வரகுண பாண்டியன் 'பாணர் கைவழி' என்னும் யாழ்நூலை ஆக்கினார். தந்தை விட்டுச் சென்ற சொத்துகளுள் மக்கள் எதனைக் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அன்பர்களே! நம் காலனிப் பிள்ளைகள் பள்ளியில் ஒருமொழி, தெருவில் ஒருமொழி என வளர்கின்றனர். வீடு ஒன்றே தமிழுக்கு எஞ்சியுள்ள இடம். அதுவும் வாய் மூடினால், ஆண்டுக்கொருமுறை மேடையில் நாம் பேசும் பேச்சால் பயன் என்ன? கோயிலுக்குச் செல்வோர் தேவாரத்தையும், மாதா கோயிலுக்குச் செல்வோர் கீர்த்தனையையும், பள்ளிவாசலுக்குச் செல்வோர் தமிழ் இசுலாமியப் பாடலையும் மாலைதோறும் கால்மணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து பாடட்டும். மகளின் வீணையும் பாட்டும் திருமணத்தோடு உறைக்குள் அடங்காதிருக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் விலைகொடுத்து அழைத்த கச்சேரிக்கு முன்னதாக நம் இல்லங்களின் இசை இம்மேடையில் ஒலிக்கவேண்டும் என்று சங்கத்தாரை வேண்டுகிறோம்.

இல்லறம் தொண்டுக்குத் தடையன்று. தொண்டு விளையும் நிலமே அது.