மண்ணுக்கேற்ற வேகம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே பூகம்பம். அங்கிருந்து சென்னை சுமார் 2,000 கிலோமீட்டர். நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலைகள் விநாடிக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் வேகத்தில், பத்து நிமிடத்துக்குள் இங்கே வந்துவிட்டன. சுனாமி வந்ததோ இரண்டரை மணி நேரம் கழித்து. அந்த இடைவெளியில் மெரினாவில் இருந்தவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007இல்தான் வந்தது.

இந்த அலைகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே வேகமா? இல்லை. நீளமான அலை ஆழத்தில் உள்ள கெட்டிப் பாறையைத் தொட்டு ஓடும், முதலில் வரும். குறுகிய அலை மேல்மண்ணிலேயே தவழும், பின்தங்கும். வங்கக் கடலின் வடபகுதியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டல் சுமார் 20 கிலோமீட்டர் கனம். அதைக் கடக்கும் அலைகள் தாமதிக்கும். 1986இல் புரூன், சிங் என்ற இருவர் மேற்பரப்பு அலைகளை ஆராய்ந்துதான் அந்தக் கனத்தைக் கணித்தார்கள். ஆக, தாமதமும் ஒரு தகவல்தான்!

இதே கணக்கு நம் தெருவுக்கும் பொருந்தும். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் பாறை. மயிலாப்பூர், அடையாறில் மணலும் களிமண்ணும். தி.நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். இரும்புத் தகட்டைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து, வரிசையாக நட்ட ஜியோபோன்களில் அலை வரும் நேரத்தைக் குறித்தால், அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டாமலே தெரியும். குறுக்கலையின் வேகம் இளகிய களியில் விநாடிக்கு 150 மீட்டர் என்றால், கெட்டிப் பாறையில் 1,500க்கும் மேல். வேகம் குறையும் இடத்தில் ஆட்டம் கூடும். அதுதான் சார் கவலை.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் நான் மாணவன். சுமத்ரா பக்கம் மறுபடி ஆட, இங்கே மாடிகளிலிருந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். சென்னை 2002இலேயே மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்க்கப்பட்ட ஊர். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும் நண்பர்களே, மார்பிள் விலை கேட்பதற்கு முன் மண்ணின் அலைவேகத்தைக் கேளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: 24 ஜியோபோன்கள் கொண்ட கருவி ஒன்றைக் கல்லூரிக்கு வாங்கித் தருவோம். சனிக்கிழமைகளில் வந்து சொல்லித்தர நான் தயார். சம்மட்டி என்னுடையது!