கடாரம் கொண்டவன் மண்ணிலிருந்து ஒரு கப்பல் கணக்கு



கடற்கரையே இல்லாத இந்தப் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் நின்று கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். பேச நமக்கு உரிமை உண்டு. இதோ, பக்கத்திலிருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தில் அமர்ந்து ஆண்ட ராசேந்திரன்தான் 1025-இல் கடாரத்தின் மீது கப்பற்படையை ஏவினான். அந்தப் படை வென்ற ஊர்களைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்று தலைத்தக்கோலம். இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தகுவாபாதான் அது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ராசேந்திரனுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்பே நம் வணிகர்கள் அங்கே போய்விட்டார்கள். தகுவாபா பகுதியில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காத்த மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் பேசுகிறது. கடல் கடந்து பிழைக்கப் போன இடத்திலும் குளம் வெட்டியவர்கள் நம் ஆட்கள்!

அந்த ஊரில் அவர்களுக்கு என்ன வேலை? மாணவர்கள் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். தாய்லாந்திலிருந்து மலேசியா நோக்கித் தெற்கே நீளும் நிலம், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்குகிறது. கிரா பூசந்தி என்பார்கள். மிகக் குறுகிய இடத்தில் 44 கிலோமீட்டர்தான். மேற்கே அந்தமான் கடல், கிழக்கே தாய்லாந்து வளைகுடா. கப்பலோடு போவதென்றால் தெற்கே மலாக்கா நீரிணை முழுவதும் இறங்கி, சிங்கப்பூரைச் சுற்றி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். பாய்மரக் காலத்தில் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். கொள்ளையர் பயம் வேறு. அதனால் சரக்கைத் தகுவாபா பக்கம் இறக்கி, ஆறும் மலையும் கடந்து, கிழக்குக் கரையில் சாயாவுக்கு அருகே வேறு கப்பலில் ஏற்றினார்கள். ஒரே காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் இரண்டு கரையிலும் கிடைத்திருக்கின்றன.

அந்தக் குறுக்கு வழி அன்றைக்குக் கட்டுபடியானது. காரணம், தூக்கிச் சென்றது பட்டு, கற்பூரம், பாசிமணி. கையளவு சரக்கு, பையளவு பணம். ஒரு மலையைத் தாண்டிச் சுமந்தாலும் கூலி போக மிஞ்சியது. என் பேச்சு முழுவதற்கும் இந்தக் கூலிக் கணக்குதான் அச்சாணி.

அங்கே கால்வாய் வெட்டும் ஆசை பழையது. 17-ஆம் நூற்றாண்டிலேயே சயாம் மன்னர் நாராய், பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு சிங்கப்பூரை வைத்திருந்த ஆங்கிலேயர் குறுக்கே நின்றார்கள். தங்கள் சம்மதமில்லாமல் அங்கே கால்வாய் வெட்டக்கூடாது என்று 1946 உடன்படிக்கையிலேயே எழுதி வாங்கினார்கள். அந்தத் தடை நீங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் கால்வாய் வரவில்லை. ஏன்? அது மிச்சப்படுத்துவது சுமார் 1,200 கிலோமீட்டர், இரண்டு மூன்று நாள் ஓட்டம். சூயசைப் பாருங்கள். 1869-இல் திறந்தது, ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றுகிற வேலையை ஒழித்தது. பனாமா 1914-இல் திறந்தது, தென் அமெரிக்காவைச் சுற்றுகிற வேலையை ஒழித்தது. அங்கே வாரக்கணக்கில் மிச்சமாகிறது. எவ்வளவு சுங்கம் கேட்டாலும் கப்பல்காரர் கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டு நாள் மிச்சத்துக்கு அவர் எவ்வளவு கொடுப்பார்?

இப்போது தாய்லாந்து அரசு வேறு வழி சொல்கிறது. மேற்கே ரானோங்கில் ஒரு துறைமுகம், கிழக்கே சும்போனில் ஒரு துறைமுகம், நடுவே சுமார் 90 கிலோமீட்டருக்கு ரயிலும் சாலையும். தரைப்பாலம் என்று பெயர். செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி பாட். 2023-இலிருந்து முதலீட்டாளர்களைத் தேடி நாடு நாடாகப் போய் விளக்கினார்கள்.

பெரம்பலூர்க்காரருக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். நம் மக்காச்சோளம் நாமக்கல் கோழித்தீவனத்துக்குப் போகிறது. களத்தில் மூட்டை பிடித்து டிராக்டரில் ஏற்றினால் ஒரு கூலி. கமிட்டியில் இறக்கினால் ஒரு கூலி. எடை போட்டு லாரியில் ஏற்றினால் மறுபடி ஒரு கூலி. வண்டி வாடகையைவிட இந்த ஏற்று கூலியும் இறக்கு கூலியும்தான் விவசாயியின் மடியில் கைவைக்கிறது. தரைப்பாலத்தின் சிக்கலும் இதேதான். பத்தாயிரம் பெட்டி சுமக்கும் கப்பல் ஒன்று ரானோங்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரயிலில் நூறு பெட்டி போனால்கூட நூறு ரயில் வேண்டும். மறுகரையில் இன்னொரு கப்பல் காத்து நிற்க வேண்டும். இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் மலாக்கா வழியாகப் போன கப்பல் சிங்கப்பூரைத் தாண்டியிருக்கும்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஆழம் குறைந்த கடலில் கால்வாய் வெட்டும் சேது சமுத்திரத் திட்டம்.

1860-இல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி சொன்ன யோசனை அது. 1955-இல் ராமசாமி முதலியார் குழு ஆராய்ந்தது. 1967-இல் அண்ணா அதற்காக எழுச்சி நாள் கொண்டாடச் சொன்னார். தமிழ்நாட்டின் இரண்டு மூன்று தலைமுறை அந்தக் கனவைச் சுமந்தது. அந்தக் கனவை நான் மதிக்கிறேன். தெற்குச் சீமைக்கு வேலை வர வேண்டும் என்ற நியாயமான பசி அது. 2005 ஜூலை 2-ஆம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம், 2,427 கோடி ரூபாய் மதிப்பீடு. பிறகு வழக்கு வந்தது, 2007-இல் உச்ச நீதிமன்றத் தடை வந்தது. கால்வாய்ப் பாதையில் இருப்பது ராமர் பாலமா, மணல் திட்டா என்றே நாடு முழுவதும் விவாதம் நடந்தது. கால்வாய் வெட்டினால் கப்பல் வருமா என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. எனக்குப் பெரிய வருத்தம் அதில்தான்.

தூத்துக்குடியில் கிளம்பிச் சென்னைக்குப் போகும் கப்பலுக்கு 400 கடல் மைலுக்கு மேல் மிச்சமாகும். அதில் ஐயமில்லை. ஆனால் ஏடன் பக்கமிருந்து கொல்கத்தாவுக்குப் போகும் கப்பல் தூத்துக்குடிக்குள் நுழைந்து திரும்பப் போவதில்லை. அது இலங்கையின் தென்முனையை ஒட்டி நேராகப் போய்விடும். அதற்கு மிச்சமாகும் தூரம் வெகுவாகக் குறைகிறது. கால்வாய்க்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும், வழிகாட்டி மாலுமியை ஏற்ற வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும். 2007-இல் ஜேக்கப் ஜான் என்ற பொருளாதார ஆய்வாளர், எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் இந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டுக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து வரும் பல கப்பல்களுக்கு இந்த வழி நட்டம் என்றார். இன்னொன்று, கால்வாய் சுமார் 30,000 டன் வரையுள்ள கப்பல்களுக்கே வடிவமைக்கப்பட்டது. நம் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவரும் பெரிய கப்பல்கள் அதில் நுழையவே முடியாது. உலகத்துக் கப்பல்களோ ஆண்டுக்காண்டு பெரிதாகிக்கொண்டே போகின்றன. பின்னால் மத்திய அரசு அமைத்த பச்சௌரி குழுவும் மாற்றுப் பாதையை ஆராய்ந்து, பொருளாதாரம், சூழல் இரண்டுமே ஒத்துவரவில்லை என்றது.

2023 ஜனவரி 12-ஆம் தேதி நம் சட்டமன்றம் திட்டத்தை மறுபடி நிறைவேற்றக் கோரித் தீர்மானம் போட்டது. போடட்டும். அதை எடுத்துச் செல்பவர்களிடம் இந்த மேடையிலிருந்து சில கோரிக்கைகள் வைக்கிறேன். 2005 மதிப்பீட்டை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். இன்றைய எரிபொருள் விலையிலும் இன்றைய கப்பல் அளவிலும் புதுக் கணக்குப் போட்டு, அதைத் தமிழில் அச்சிட்டு மக்கள் முன் வையுங்கள். எந்தக் கப்பல் நிறுவனம் எவ்வளவு சுங்கம் கட்டி இந்த வழியாக வரச் சம்மதிக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பருவக்காற்று இரண்டு பக்கமும் மண்ணைத் தள்ளும் கடல் அது. ஆண்டுதோறும் தூர்வார ஆகும் செலவை முதல் பக்கத்திலேயே போடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும், பாக் விரிகுடாவின் ஆவுளியாவுக்கும், அங்கே வலைவீசிப் பிழைக்கும் மீனவருக்கும் நேரும் இழப்பைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

அதோடு, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு உப்பும் சிமென்டும் கொண்டுபோகும் சிறு கப்பல்களுக்கு மட்டும் ஆழம் குறைந்த, செலவு குறைந்த ஒரு வழி போதுமா என்பதையும் தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். சிமென்டை லாரியில் அனுப்ப என்ன ஆகிறது என்பது அரியலூருக்குத் தெரியும். அந்த ஒப்பீட்டை நம் ஊர்க் கல்லூரி மாணவர்களே தொடங்கலாம். வாடகைச் சீட்டுகள் நம்மிடம்தான் இருக்கின்றன.