கவிழ்த்துப் பார்க்கும் நாள்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 5-ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 5:1-11)



இன்றைய நற்செய்தியில் எல்லாருக்கும் நினைவில் நிற்பது வலை கிழியும் அளவுக்குக் கிடைத்த மீன்பாடு. அதற்கு முன்னால் புனித லூக்கா ஒரு சிறு செய்தியைச் சொல்கிறார். இயேசு கெனசரேத்து ஏரிக்கரைக்கு வந்தபோது மீனவர்கள் படகை விட்டு இறங்கி, வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். இரவு முழுவதும் பாடுபட்டும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. ஆனாலும் வலையைச் சுருட்டி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. வெறும் வலையைத்தான் அலசினார்கள். இந்தக் கரை வேலையைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

ஜெயமங்கலத்துக்குப் பக்கத்தில்தான் வைகை அணை இருக்கிறது. 1959-இல் திறக்கப்பட்டது. 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். பாசனத்துக்கும் மதுரையின் குடிநீருக்கும் அதை நம்பியிருக்கிறோம். அதில் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை பிடித்துப் பிழைக்கிற குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய படகு பரிசல். மூங்கில் பிளாச்சுகளை ஒரு பெரிய கூடைபோல முடைந்து, அடிப்புறத்தில் முற்காலத்தில் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். பிறகு தார்ப்பாயும் சாக்கும் வந்தன. அதன்மேல் தார் பூசுவார்கள். வட்டமான வடிவம், தட்டையான அடி. அதனால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். அணையில் நீர் வற்றி, கல்லும் மரக்கட்டையும் தலைகாட்டுகிற நாளிலும் அதில் வலை விரிக்கலாம். வேலை முடிந்தால் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம்.

இப்போது அதே வடிவத்தில் ஃபைபர் பரிசல்கள் வந்துவிட்டன. எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? ஏற்கெனவே இருக்கும் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, மெழுகு தடவி, அதன்மேல் கண்ணாடி இழையையும் பிசினையும் அடுக்கடுக்காகப் போட்டு அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் மறுபடியும் இழையும் பிசினும் போட்டால் புதுப் படகு. மூலப் படகில் ஒரு மேடு இருந்தால் பிள்ளைப் படகிலும் அந்த மேடு இருக்கும். பள்ளம் இருந்தால் பள்ளமும் இருக்கும்.

கடற்கரையிலும் இதுதான் நடந்தது. கட்டுமரத்துக்கு ஏற்ற பெருமரங்கள் அருகிப்போய் விலையும் ஏறியபோது, 1980-களில் நம் கோட்டாறு மறைமாவட்டத்தின் முட்டம் கடற்கரையில் ஒட்டுப்பலகையால் படகு கட்டத் தொடங்கினார்கள். பியர் ஜில்லே என்பவர் அந்த முயற்சியில் முன்னின்றார். கட்டுமரமும் வள்ளமும்தான் அவர்களுக்கு முன்மாதிரி. பழைய வள்ளத்தின் பலகைகளைக் கயிற்றால் தைப்பார்கள். புதுப் படகின் ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பைப் பிசினால் மூடினார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரை எங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. அவசரத்தில் வார்க்கப்பட்ட சிலவற்றின் தரம் போதாது என்று மீனவர்களே சொன்னார்கள்.

வடிவத்தைப் பார்த்துச் செய்வது தவறில்லை. முன்னோர் பல தலைமுறையாகத் தண்ணீரில் கற்றுக்கொண்ட பாடம் அந்த வடிவத்தில் இருக்கிறது. அதை விட்டுவிடுவதுதான் மடமை. பிறகு எங்கே தவறு நேர்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன், பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் புது ஃபைபர் பரிசல் வாங்கி, அதை மந்திரித்துத் தரும்படி கேட்டார். உபதேசியாரோடு அணைக்கரைக்குப் போனோம். செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தோம். எல்லாருக்கும் லட்டும் காரமும் கொடுத்தார்கள். அவருடைய பெரியப்பா மட்டும் சற்றுத் தள்ளி நின்று பரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகள் மூங்கில் பரிசல் ஓட்டியவர். “பிடிக்கலையா ஐயா?” என்று கேட்டோம். “வடிவம் சரியாத்தான் இருக்கு சாமி” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டு, காற்று மாதத்தில் ஒரு விடியற்காலை, நடு அணையில் அந்தப் பரிசலின் அடி பிளந்தது. இளைஞரும் உடன் போன சிறுவனும் வலையில் கட்டியிருந்த காலி கேன்களைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். வேறு பரிசலில் வந்தவர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். சிறுவன் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தான். இறைவன் காத்தார், உயிருக்குச் சேதமில்லை.

அன்று மாலை அந்த இளைஞர் பங்கு வீட்டுக்கு வந்தார். கோபத்தோடு வரவில்லை. அப்படி வந்திருந்தால் நமக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழம்பிப்போய் வந்தார். “சாமி, அது நீங்க மந்திரிச்ச பரிசல்தானே?” என்று கேட்டார். குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் படித்த நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பின்னாலேயே வந்த பெரியப்பாதான் பேசினார்.

“சாமி மந்திரிச்சது இருக்கட்டும்டா. வாங்குன நாள்லேருந்து ஒரு தடவையாவது அதைக் கவுத்திப் பார்த்தியா?”

பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. அந்தப் பெரியவர் எங்களுக்கு விளக்கினார். மூங்கில் பரிசலை ஆண்டுக்கு ஒரு முறையாவது கவிழ்த்துப் போட்டுத் தார் பூசியே ஆக வேண்டும். அந்த நாளில் வீடே கரையில் உட்காரும். எந்தப் பிளாச்சு உளுத்திருக்கிறது, எங்கே தைக்க வேண்டும் என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். கல்லில் இழுத்தால் அடி கிழியும் என்பதால் அதைத் தரையில் இழுக்காமல் தூக்கித்தான் போவார்கள். ஃபைபர் உறுதியானது என்ற நம்பிக்கையில் இவர் மூன்று ஆண்டும் சரளைக் கல்லில் இழுத்திருக்கிறார். மேல்பூச்சு தேய்ந்து, இழை வெளியே தெரிந்து, அதற்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பளபளவென்று புதிதாகவே இருந்திருக்கிறது.

அன்பானவர்களே, அந்த வீட்டார் பரிசலின் வடிவத்தை வாங்கிக்கொண்டார்கள். அதோடு சேர்ந்திருந்த கரை வேலையை வாங்கிக்கொள்ளவில்லை. எந்த அச்சிலும் அது வராது. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து செய்தால்தான் வரும்.

அந்த இளைஞரை அனுப்பிவிட்டு, இரவில் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்வி நம் பக்கமே திரும்பியது. எத்தனை குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்திருக்கிறோம்! எத்தனை பேருக்குப் புதுநன்மை, எத்தனை திருமணம்! மந்திரித்துத் தண்ணீரில் இறக்கிவிட்டோம். பிறகு அவர்களில் எத்தனை பேரிடம் போய், “எப்படி இருக்கிறாய்? எங்கே வலிக்கிறது?” என்று கேட்டோம்? மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் விசுவாச அறிக்கையை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்கிறார்கள். அச்சு நன்றாக விழுந்திருக்கிறது என்று மகிழ்கிறோம். ஒரு பிள்ளை எழுந்து “ஏன் சாமி?” என்று கேட்டால், “முதலில் மனப்பாடம் செய்” என்று உட்கார வைத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை பரிசலைக் கவிழ்த்துப் பார்க்கத்தான் கேட்டது. இது எங்கள் குறை. ஒளிக்காமல் சொல்கிறோம்.

1986-ஆம் ஆண்டு கலிலேயாவில் கடும் வறட்சி. ஏரி நீர் வற்றிய சேற்றில் இரண்டு சகோதரர்கள் ஒரு பழைய படகைக் கண்டார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமையானது. ஆண்டவர் நடமாடிய காலத்துப் படகு. எட்டு மீட்டருக்குச் சற்றே அதிக நீளம். கரையோரத்திலும் மிதக்கக்கூடிய தட்டை அடி. அது ஆண்டவர் ஏறிய படகு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சீமோனின் படகும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும். ஆராய்ந்தவர்கள் அதில் பத்துக்கும் மேற்பட்ட மர வகைகளைக் கண்டார்கள். அந்தக் காலத்து ஏழை மீனவர்கள் கிடைத்த மரத்தை வைத்து, பழைய படகின் பலகையையும் சேர்த்து, திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அத்தனை ஒட்டும் யாரோ அதைக் கவிழ்த்துப் பார்த்ததற்குச் சாட்சி.

ஆண்டவர் அப்படிப்பட்ட படகில்தான் ஏறினார். முதலில் கரையிலிருந்து சற்றே தள்ளச் சொன்னார். பிறகுதான் ஆழத்துக்குப் போகச் சொன்னார். வலையை அலசி முடித்த கைகளைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்.

இன்னும் சில வாரங்களில் திருநீற்றுப் புதன் வருகிறது. தவக்காலம் நாம் கரையேறிப் பரிசலைக் கவிழ்க்கும் காலம். ஒப்புரவு அருட்சாதனம் நம்மை நாமே விரலால் தடவிப் பார்க்கும் வேலை. பெற்றோர்களே, ஒரு மாலையில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை அருகில் உட்கார வையுங்கள். செபம் சொல்லச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நாம் ஏன் செபிக்கிறோம், எந்தத் துன்பத்தில் அது நம்மைத் தாங்கியது, எப்போது நமக்கே சந்தேகம் வந்தது என்று சொல்லுங்கள். கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் கேளுங்கள். குருக்களாகிய நாங்களும் வீடு வீடாக வருகிறோம். இந்த முறை காணிக்கைக் கவரோடு வரமாட்டோம், கேட்பதற்காக வருகிறோம்.

அந்த இளைஞர் இப்போதும் ஃபைபர் பரிசல்தான் வைத்திருக்கிறார். அடியைத் தேய்த்து, புதிதாக இழை போட்டு அடைத்தாயிற்று. ஆண்டுக்கு ஒரு முறை கரையில் கவிழ்க்கிறார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து தடவிப் பார்க்கிறார். அந்தச் சிறுவனும் கூட இருக்கிறான்.

செபிப்போமாக. ஆண்டவரே, எங்கள் முன்னோர் எங்களுக்குத் தந்த விசுவாசத்துக்காக நன்றி. அதன் அடியில் நாங்கள் பாராமல் விட்ட விரிசல்களைக் காணக் கண்களைத் தாரும். அவற்றை ஒட்டக் கைகளையும், பக்கத்தில் உட்காரப் பொறுமையையும் தாரும். பிறகு எங்களை ஆழத்துக்கு அனுப்பும். ஆமென்.