சொந்தக்காரருக்குச் சொல்லுங்கோ



கண்ணைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கற்றரக்டும் சீனி வருத்தமும் இந்தச் சபைக்குத் தெரியாததா? நான் சொல்ல வந்தது ஏறக்குறைய 36,000 பேரில் ஒருவருக்கு வரும் பரம்பரை வருத்தம். பெயர் வொன் ஹிப்பல் லிண்டாவ்.

இங்கே லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மெட்ரோபொலிட்டன் லைன் ஏறினால் மூர்கேட்டில் இறங்கலாம். மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி அந்தக் காலத்தில் அதற்குக் கிட்டத்தான் இருந்தது. அங்கே வேலை செய்த எட்வர்ட் ட்ரீச்சர் கொலின்ஸ், கூடப்பிறந்த ஆணும் பெண்ணுமான இருவரின் கண்களில் இரத்தக்குழாய்க் கட்டிகளைக் கண்டு 1894இல் எழுதினார். இருவருக்கும் இரண்டு கண்ணிலும்! பெயரென்னவோ, பிறகு எழுதிய ஜெர்மன்காரர் ஹிப்பலுக்கும், 1926இல் இதை மூளைக் கட்டியோடு முடிச்சுப் போட்ட சுவீடன்காரர் லிண்டாவுக்கும் போய்விட்டது.

இந்த வருத்தத்துக்குக் காரணமான மரபணு 1993இல் பிடிபட்டது. அது பழுதானால், ஒட்சிசன் தாராளமாக இருக்கும்போதே கலம் மூச்சு முட்டுவதாக நினைத்து, புது இரத்தக்குழாய்களை வரவழைக்கிறது. அப்படித்தான் கட்டி உண்டாகிறது. விழித்திரையின் ஓரத்தில் சின்னதாக இருந்தால் லேசரால் சுடலாம். பார்வை நரம்பின் தலையிலேயே உட்கார்ந்தால்? பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நரம்பிழைகள் அந்த ஒரே வாசலால் மூளைக்குப் போகின்றன. சுட்டால் பார்வையும் சேர்ந்து போகலாம். கண்ணுக்குப் பின்னே, நரம்புக்குள்ளேயே வளர்வது இன்னும் அபூர்வம். அதைக் கண்டுபிடிக்க எம்ஆர்ஐ வேண்டும். பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரை, கலத்தின் அந்தப் பொய்ப் பதற்றத்தையே அடக்கப் பார்க்கிறது. குறிப்பிட்ட நோயாளிகளுக்கு என்எச்எஸ்ஸில் கொடுக்க 2024இல் சம்மதம் கிடைத்தது.

மாத்திரையை விட எனக்குப் பெரிதாகப் படுவது நம்முடைய வாய். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஐந்தில் ஒருவருக்குப் பரம்பரையில் இல்லாமல் புதிதாகவும் தொடங்கும். மருமகளின் வீட்டைத் திட்ட அவசரப்படாதீர்கள். கட்டி சின்னதாக இருக்கும்வரை பார்வையில் ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் சிறு வயதிலிருந்தே வருடா வருடம் கண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு மூளை, முள்ளந்தண்டு, சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்; அங்கேயும் கட்டி வரலாம். உயிரை எடுப்பது அநேகமாகச் சிறுநீரகப் புற்றுநோய்தான்.

நாங்கள் என்ன செய்கிறோம்? "பிள்ளைக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது, வாயைத் திறவாதே" என்கிறோம். எட்டாம் இடத்துச் செவ்வாயை நாலு சாத்திரியாரிடம் காட்டுகிற நாங்கள், மாமாவுக்கு முப்பது வயதில் ஏன் கண் போனது என்று கேட்பதில்லை. கனடாவில் இருக்கிற சித்தப்பாவின் பேரப்பிள்ளைக்கு இந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால் அந்தப் பிள்ளையின் கண்ணை யார் பார்ப்பார்கள்?

உங்கள் குடும்பத்தில் இளவயதில் கண்ணிலோ சிறுமூளையிலோ சிறுநீரகத்திலோ கட்டி வந்தவர்கள் இருந்தால் ஜிபியிடம் சொல்லுங்கோ. மரபணுப் பிரிவு நோர்த்விக் பார்க் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. சொந்தக்காரருக்குக் கொடுக்க ஒரு கடிதம் கேளுங்கோ, எழுதித் தருவார்கள். அதை யாழ்ப்பாணத்துக்கும் டொரொண்டோவுக்கும் அனுப்புங்கோ.

கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம். சபையில் கேட்கக் கூச்சமென்றால், பிறகு தனியே வாருங்கோ.