மந்திரி நாற்காலியிலிருந்து கம்பெனி நாற்காலிக்கு

(தர்மபுரி மாவட்டத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது தர்மபுரி மாவட்டத்தில் மழை பொய்த்தால் கேழ்வரகும் சாமையும் பொய்த்துப்போகும். அப்போது கடன் வாங்காத குடிசை உண்டா? நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்று ஆயிரம் ரூபாய் வாங்கினால், வருஷத்திற்கு 360 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கெடுவுக்குள் கட்டினால் வட்டியும் இல்லை. ஆனால் அதற்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். கூலி வேலை செய்பவன் எந்த நிலத்துச் சிட்டாவைக் காட்டுவான்?

ஒரு காலத்தில் ஏழரைக் கோடி ரூபாய் வட்டியில்லாமல் கைமாறியது. கொடுத்தது இந்திய சர்க்கார். வாங்கியது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் பழைய சென்னை மாகாணத்து அரசியல்வாதி ஒருவர். அவர் நடந்த பாதையை இன்று நாம் பார்ப்போம்.

யார் அவர்?

ஆற்காடு ராமசாமி முதலியார், 1887-ல் கர்நூலில் பிறந்தவர். ஜஸ்டிஸ் கட்சியின் பெரும் பேச்சாளர். அக்கட்சிப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தவர். 1920-ல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். அன்று மாகாணத்தின் ஜனத்தொகை நான்கு கோடிக்கு மேல். ஓட்டுரிமை பெற்றவர்களோ சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. நமது பாட்டனார்களின் ஓட்டு அவருக்கும் இல்லை, அவரை எதிர்த்தவருக்கும் இல்லை.

பிறகு சென்னை நகர மேயரானார். 1934-ல் மத்திய சட்டசபைத் தேர்தலில் சத்தியமூர்த்தியிடம் தோற்றார். ஓட்டுப் போட்டவர்கள் கைவிட்டாலும் உத்தியோகம் கைவிடவில்லை. 1939-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இடம் கிடைத்தது. வர்த்தக இலாகாவும், பின்னர் யுத்த காலத்தின் சப்ளை இலாகாவும் அவர் கைக்கு வந்தன. 1946-ல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூகக் கவுன்சிலுக்கு முதல் தலைவரானார். அதே ஆண்டில் மைசூர் சமஸ்தானத்துக்குத் திவானானார். 1947-ல் பொறுப்பாட்சி கேட்டு மைசூர் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஓசூர் எல்லைக்கு அப்பால் ஆட்சி செய்த திவான் இவரே. அக்டோபரில் மக்கள் பிரதிநிதிகளின் மந்திரிசபைக்கு சமஸ்தானம் இணங்க வேண்டியதாயிற்று.

வெள்ளைக்காரன் போனான், சமஸ்தானமும் போனது. ஆனால் 1955-ல் இவருக்கு வேறொரு நாற்காலி வந்தது.

ஏழரைக் கோடியின் கணக்கு

1955 ஜனவரியில் ஐ.சி.ஐ.சி.ஐ. என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. தனியார் முதலாளிகளின் தொழில்களுக்குக் கடனும் மூலதனமும் கொடுப்பது அதன் வேலை. உலக வங்கியும் இந்திய சர்க்காரும் முதலாளிகளும் சேர்ந்து அமைத்தது. பங்கு மூலதனம் 5 கோடி ரூபாய். அதில் ஒன்றரைக் கோடி பிரிட்டிஷ், அமெரிக்கப் பணம். சர்க்கார் கொடுத்ததோ, பங்குதாரர்கள் போட்டதைவிட அதிகமான ஏழரைக் கோடி. அதற்கு வட்டி கிடையாது. பதினைந்து வருஷம் கழித்துத் தவணை தவணையாகத் திருப்பினால் போதும்.

நூற்றுக்கு வருஷம் நான்கு ரூபாய் என்று மலிவாகவே வட்டி போட்டுப் பாருங்கள். வருஷத்திற்கு 30 லட்சம், பதினைந்து வருஷத்தில் நாலரைக் கோடி. அவ்வளவும் பொதுப் பணத்திலிருந்து விட்டுக்கொடுக்கப்பட்டது.

அதே காலத்தில் கிராமத்தின் நிலை என்ன? ரிசர்வ் வங்கி நடத்திய கிராமக் கடன் சர்வே 1951-52-ம் ஆண்டுக் கணக்கைச் சொல்கிறது. விவசாயி வாங்கிய நூறு ரூபாய்க் கடனில் சர்க்கார் கொடுத்தது சுமார் 3 ரூபாய். கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது இன்னொரு 3 ரூபாய். லேவாதேவிக்காரன் கொடுத்தது சுமார் 70 ரூபாய்.

அந்த சர்வேயின் சிபாரிசினால்தான் 1955 ஜூலையில் ஸ்டேட் வங்கி பிறந்தது. அதன் முதல் தலைவர் ஜான் மத்தாய். அவரும் 1920-களில் சென்னைச் சட்டசபையில் இருந்தவர். பிறகு டாட்டா கம்பெனி டைரக்டர். பிறகு டில்லியில் நிதி மந்திரி. 1950-ல் ராஜினாமா செய்துவிட்டு மீண்டும் டாட்டா கம்பெனி. ஆள் வேறு, பாதை ஒன்றே.

நாம் கேட்பது என்ன?

இவர்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்று நாம் சொல்லவில்லை. இருவரும் படித்தவர்கள், திறமைசாலிகள். அந்தக் கடன்களால் ஆலைகள் எழுந்தன, வேலையும் கிடைத்தது. அதையும் மறுக்கவில்லை. ஆனால் எந்த இலாகாவில் எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்ற ஞானம் சர்க்கார் உத்தியோகத்தில், மக்கள் செலவில் சம்பாதித்தது. அது கம்பெனி அறைக்குப் போய்ச் சேர்கிறது. கூலிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து பேச அப்படி எந்த மாஜி மந்திரி வருகிறார்?

இது பழைய கதை என்று தள்ள முடியாது. ஐ.சி.ஐ.சி.ஐ. கம்பெனி 1994-ல் ஒரு வங்கியைத் தொடங்கி, 2002-ல் அதனுடன் இணைந்து, இன்று நாட்டின் பெரிய தனியார் வங்கிகளில் ஒன்றாக நிற்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் கம்பெனி வேலைக்குப் போக வேண்டுமானால் சர்க்காரின் அனுமதி வேண்டும். மந்திரிக்கு அப்படிச் சட்டம் இல்லை. கனடாவில் மத்திய மந்திரியாக இருந்தவர், தாம் நேரடியாக அலுவல் நடத்திய கம்பெனியில் இரண்டு வருஷம் சேரக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. மந்திரிகளுக்கும் அந்த இடைக்காலத் தடை வேண்டும். பொதுப் பணம் எந்தக் கம்பெனிக்கு, என்ன வட்டிக்கு, எத்தனை வருஷக் கெடுவுக்குப் போகிறது என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். சிட்டா இல்லாத கூலிக்காரனுக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக் கடன் வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். அன்று நமது பாட்டனாருக்கு ஓட்டு இல்லை. அதனால் கேட்க வழியில்லை. இன்று நமக்கு இருக்கிறது. சங்கமாய்ச் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் எவரும் போய்விட முடியாது.